எழுந்து நின்றதுதான் என் பதில்

இன்டர்வியூவில் மூளை வெறுமையாகிப் போனால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒரு அம்மணி சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து ஒற்றைக் காம்பராவில் கண்ணாடி முன் நின்று நானும் பழகினேன். மாத்தளையில் அந்த மசாலாக் கம்பெனி மேசையில் மூன்று தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன. மூன்றும் கேள்வி கேட்கிற மூன்று பேருக்கு.

அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அப்படியும் மலை ஏறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். "நீ ஒரு ஆபீஸ்ல போய் ஒக்காந்துட்டீன்னா, மறுநாளே நா கூடய எறக்கி வச்சிருவேன்" என்று சொல்லித்தான் காலையில் அனுப்பினாள்.

முதல் கேள்விகளுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். அப்புறம் நடுவில் இருந்த மேனேஜர் கேட்டார்: "ஒங்க பாஸ் செய்யிறது பிழைன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

இதுவும் மனப்பாடம்தான். மரியாதையாக, தனியாக, காரணத்தோடு எடுத்துச் சொல்வேன் என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு சொல்கூட வரவில்லை. திரும்பக் கேட்கச் சொல்லவும் வாய் எழவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியை விட்டு எழுந்து, கையைக் கட்டி, தலை குனிந்து நின்றேன்.

காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில், தோட்டத்து தொரை ஏசும்போது அம்மா அப்படித்தான் நிற்பாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பிழை யார் பேரில் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஏ.எல். படித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து என்ன பிரயோசனம்? வெட்கத்தில் செத்துப் போனேன்.

மேனேஜர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "சரி சரி, இருங்க" என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. வேலை எனக்குத்தான். முதல் நாளே மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார், "மத்தவங்கல்லாம் பெரிய பெரிய பதில் சொன்னாங்க. ஒங்க பதில்தான் எனக்குப் புடிச்சிச்சு." அந்தக் கேள்விக்கு நான் ஒரு பதிலும் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம், முன்பு அம்மாவோடு கொழுந்து பறித்தவள், நான் சின்னம்மா என்று கூப்பிடுகிறவள், பாக்கெட் போடும் வேலை கேட்டு வந்தாள். என் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரப் போகும்போது மேனேஜர் உள்ளேயிருந்து சொன்னார், "தோட்டத்து ஆக்கள ஒக்கார வைக்காதீங்க. வெளிய நிக்கச் சொல்லுங்க, அவங்களுக்குப் பழக்கம்தானே."

அன்றைக்கு வராத பதில் ஒரு சொல் விடாமல் அப்போது ஞாபகம் வந்தது. மரியாதையாக, தனியாக, காரணத்தோடு.

"சின்னம்மா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன். அவள் வெளியே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.