பதிலுக்கு ஒரு முழு வரி

செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "ஜெசிந்தா மேடம் காலமானார் நாளை வினாத்தாள் கூட்டம் வழக்கம்போல் நடக்கும்." நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆய்வகத்தில் நின்றபடி வாசித்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு சாவுக்குத் தனி வரி கொடுக்காதவர்களை அவள் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழித்துறைப் பக்கத்துக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் இருவரும் பைத்தான் நிரல்மொழி நடத்தினோம். நிரல் ஒரு கேள்வி கேட்கும், ஆள் பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதுதான் முதல் பாடம். கேள்வியின் கடைசியில் \n போடச் சொல்லுவாள் ஜெசிந்தா. போட்டால் பதில் அடுத்த வரியில் தொடங்கும். போடாவிட்டால் "ஊர் எது?திருவட்டாறு" என்று ஒட்டிக்கொள்ளும்.

"கேட்டாச்சில்லா மக்கா, இனி தள்ளி நில்லு. அவன் சொல்லட்டு" என்பாள்.

சாய்கோட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சாப்பிட்டியா?/n" என்று திரையில் வந்ததைப் பார்த்து விழிப்பவர்கள் எப்போதும் உண்டு. "ஏலே, கோடு களியக்காவிளைப் பக்கம் சாயணும். நீ நாகர்கோவிலுக்குச் சாச்சு வச்சிருக்க." வரைபடத்தில் எங்கள் ஊருக்கு இடப்பக்கம் களியக்காவிளை, வலப்பக்கம் நாகர்கோவில். அதன் பிறகு யாரும் மறந்ததில்லை.

அபிலா படித்த ஆண்டில்தான் அந்தச் சண்டை. பார்வை குறைந்த பெண். எழுத்தை மிகப் பெரிதாக்கித்தான் வாசிப்பாள். கேள்வியே வரியை அடைத்துக்கொண்டால் அவள் பதில் ஓரத்தில் உடைந்து போகும், தட்டியது சரியா என்று தெரியாது. செய்முறைத் தேர்வில் அவள் \n போட்டிருந்தாள். ஆய்வகக் கையேட்டில் அப்படி இல்லை என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். ஜெசிந்தா அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அழகுக்குப் போட்டதுக்கெல்லாம் மார்க் கிடையாது, மேடம்."

"அழகுக்கு இல்ல சார், இடத்துக்கு. பிள்ளை டைப் பண்ணினத அவளே பாக்கண்டாமா?"

"எல்லாத்துக்கும் சண்டை போடுவியளோ?"

"இதுக்குப் போடுவேன்."

அவர் மதிப்பெண்ணைத் திரும்பப் போடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டுக் கையேட்டில் எல்லாக் கேள்விகளிலும் \n ஏறியது.

அடக்க ஆராதனையில் அவளை அமைதியானவள், எதிர்த்துப் பேசாதவள் என்றார்கள். யாரைப் பற்றிச் சொன்னார்களோ தெரியாது. எங்கள் ஜெசிந்தா எதிர்த்துப் பேசினாள். அதைச் சவப்பெட்டியோடு மூட நான் விடமாட்டேன்.

அடக்கம் முடிந்து கல்லூரிக்குப் போனதும் துறைத்தலைவர் கூப்பிட்டார். இனி மென்பொருள்தான் விடைகளைத் திருத்துமாம், கேள்வியும் பதிலும் ஒரே வரியில் இருக்க வேண்டுமாம். "அந்த \n எல்லாத்தையும் எடுத்திருங்க. சண்டை போடவும் இப்ப ஆளில்ல" என்று சிரித்தார்.

"ஆள் இருக்கு சார்" என்றேன். "மென்பொருளை மாத்தச் சொல்லுங்க."

கையேடு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதில் ஒரு \n கூடக் குறையாது. பதில் சொல்ல வருகிறவருக்கு ஒரு முழு வரி, அதற்காக மல்லுக்கட்ட ஒரு வாய்; அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். அந்த \n எதையும் ஏன் எடுக்கவில்லை என்று துறைத்தலைவர் மறுபடியும் கேட்கலாம். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். நான் சொல்லுகிறேன்.