இருபத்தேழாம் பக்கத்து முடிச்சு

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் மணியம்மைக்குச் சனிக்கிழமை என்றால் திருத்தணிதான். மலைக்குப் போகிற கூட்டத்தோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவர்கள் படியேறுவார்கள், அவள் அடிவாரத்தில் வாசகர் சங்கம் நடத்தும் நூலகத்துக்குள் நுழைவாள். இருபது வருஷத்துப் பழக்கம். தறிச் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. படித்த கதையை மனசுக்குள் ஓட்டித்தான் பொழுதைத் தள்ளுவாள்.

அந்தச் சனிக்கிழமை நூலகர் சடகோபன் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் முதல் அலமாரிப் பக்கம் யாரும் போகக் கூடாது. கணினிப் பட்டியலில் தேடிச் சொன்னால் அவரே எடுத்துத் தருவார். அது எல்லோருக்கும் புரிகிறதா என்று பார்க்க, பட்டியலைச் செய்த அனிதா சென்னையிலிருந்து வந்திருந்தாள்.

"பரீட்சை உங்களுக்கு இல்லக்கா, பட்டியலுக்குத்தான். தோணுறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தேடுங்க."

"ஆங். அது ஃபெயிலானா எனக்குத் திட்டு விழாதே?"

"விழாது. உங்களுக்கு வேணும்கிற புத்தகத்தைத் தேடுங்க."

மணியம்மை ஒற்றை விரலால், கோழி கொத்துவது போலத் தட்டினாள்: 'நான் படிக்காதது.'

'முடிவுகள் இல்லை' என்றது திரை.

"எல்லாத்தையும் படிச்சிட்டேன்னு சொல்லுது. அவ்ளோ ஒண்ணும் படிக்கலமா."

அனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டாள். "தலைப்பு போடுங்கக்கா."

"தலைப்பெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது? அறுநூறு எழுநூறு படிச்சாச்சு."

"அப்ப படிச்சதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மணியம்மையின் விரல் நின்றது. தலைக்கு நேர் மேலே அறிவிப்பு தொங்கியது: 'புத்தகங்களில் குறியிடுவோரின் உறுப்பினர் அட்டை ரத்து செய்யப்படும்.' கீழே சடகோபனின் கையெழுத்தில், 'நூல் முடிச்சு உட்பட.' சொன்னால் அட்டை போகும். சொல்லாவிட்டால், படித்த கதையையே திரும்பச் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டும்.

"இருபத்தேழாம் பக்கம் பாப்பேன்," என்றாள் மெதுவாக. "படிச்சதுன்னா மூலையில நூல் முடிச்சு இருக்கும். நான் போட்டது."

சடகோபன் எழுந்தே விட்டார். "நீயாம்மா அது? ஆர்.கே.பேட்டை தையல்கடைக்காரரச் சந்தேகப்பட்டு, நாலு வருஷமா அவரோட பேசாம இருக்கேனே."

"தெரியும் சார். எனக்கே பாவமா இருந்துச்சு."

அவர் விறுவிறுவென்று போய் ஒரு நாவலை எடுத்து வந்து விரித்தார். இருபத்தேழாம் பக்க மூலையில் சிவப்பு முடிச்சு. பக்கத்திலேயே வேறு வாசகர்கள் பென்சிலில் போட்ட ஒரு வட்டம், ஒரு நட்சத்திரம், கடுகளவு முக்கோணம்.

மணியம்மை முக்கோணத்தை விரலால் தொட்டாள். "இவரு யாருன்னு தெரியாது சார். ஆனா இவர் குறி இருந்தா கண்ண மூடிகினு எடுத்துனு போவேன், கதை நல்லாருக்கும். ரெண்டு வருஷமா புதுப் புத்தகம் எதுலயும் முக்கோணத்தக் காணோம்."

சடகோபன் நாவலை மூடினார். பிறகு அட்டைக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள். அதில் தேதி முத்திரையைக் குத்தி, நாவலோடு சேர்த்துத் திருப்பித் தந்தார்.

"இனிமே ஊசிய வீட்ல வெச்சிட்டு வா."

அடுத்த மாதம் பட்டியலில் 'படித்தாயிற்று' என்றொரு பொத்தான் வந்தது. அவரவர் தமக்கென்று ஒரு குறி வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எது வேண்டும் என்று அனிதா போனில் கேட்டாள்.

"முடிச்சுதான். வேற என்ன?" என்றாள் மணியம்மை. வைக்கப் போனவள், மறுபடி போனைக் காதில் வைத்தாள். "முக்கோணத்த மட்டும் யாருக்கும் குடுத்துடாதமா. அவரு வந்தா கேப்பாரு."