சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிபக்கர்

நானும் என் மனைவியும் செய்வது ஒரே வேலை, கம்பெனிதான் வேறு. செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு மாடி வீடு. அவள் முன்னறையில் புரோகிராம் எழுதுவாள், நான் பக்கத்து அறையில். அவள் மீட்டிங்கில் பேசுவதும் ஸ்பீக்கரில் மற்றவர்கள் பேசுவதும் சுவர் தாண்டி அப்படியே எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் அவளுடைய மேனேஜர் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேர் நான்கு நாளாகத் தேடியும் சிக்காத பிழையை அவள் மதியச் சாப்பாட்டுக்குள் பிடித்துவிட்டாளாம். எப்படி என்று யாரோ கேட்க, "டிபக்கர் போட்டு, சந்தேகப்பட்ட வரியில நிறுத்திப் பார்த்தேன். அவ்ளோதான்" என்றாள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதினொரு வருட அனுபவம் எனக்கு. அவளுடைய முதல் இன்டர்வியூவுக்கே பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தயார் செய்தவன். ஆனால் ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் அந்த டிபக்கர் எனக்கு வராது. வரிக்கு வரி எதையாவது அச்சிடச் சொல்லித்தான் நான் பிழை தேடுவேன். இதை அவளிடம் சொன்னதே இல்லை.

அவளிடம் கற்றுக்கொள்ள மனசு ஒப்பவில்லை. அவளைவிட ஒரு படி ஜாஸ்தி தெரிய வேண்டும். எனவே டிபக்கர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் அதன் சோர்ஸ் கோடையே இறக்கி, அவள் எழுந்திருக்கும் முன் படிக்க ஆரம்பித்தேன். அவள் வந்தால் திரையை மாற்றிவிடுவேன். "யாருக்குங்க இவ்ளோ காலைல மெசேஜ்?" என்று சிரிப்பாள்.

இரண்டு வாரம் ஒன்றும் புரியவில்லை. ஒரு பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டத்தில் வண்டி எடுக்க முடியாமல் வீட்டிலேயே கிடந்தபோது பிடிபட்டது. நாம் நிறுத்தச் சொன்ன இடத்தில் இருக்கும் கட்டளையின் ஒரு பைட்டை, அதாவது நினைவகத்தின் ஒரு சிறு துண்டை, டிபக்கர் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 'நில்' என்று பொருள்படும் வேறொரு பைட்டை எழுதிவிடுகிறது. புரோகிராம் அதில் முட்டி நிற்கிறது. மேலே போகச் சொன்னால், பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஒரே ஒரு அடி நடக்கவிட்டு, மறுபடி 'நில்' எழுதுகிறது.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க. எனக்கு யூஸ் பண்ணத்தான் தெரியும். இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மூன்று நாள் என் நடையே வேறாக இருந்தது.

நான்காம் நாள் அவள் தன் டீமுக்கு அதையே விளக்கிக்கொண்டிருந்தாள், என்னைவிட நன்றாக. அச்சடித்த வார்த்தையின் மேல் துண்டுச் சீட்டு ஒட்டுகிற மாதிரி என்றாள். அந்த உவமை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. "வீட்டுக்காரர்தான் சோர்ஸ் கோடு படிச்சு சொன்னாரு" என்றும் மறைக்காமல் சொன்னாள். கோபப்படக்கூட வழியில்லாமல் போனதில் இன்னும் எரிந்தது.

அப்போது ஒருவர் கேட்டார்: "புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல பல வேலை ஓடுமே. பழைய பைட்டைத் திரும்ப வெச்சிருக்கிற அந்த கொஞ்ச நேரத்துல இன்னொன்னு அந்த வழியா வந்தா நிக்காம போயிடுமே?"

அவள் திணறினாள். எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் அந்தத் திணறலைக் கொஞ்ச நேரம் ரசித்துக் கேட்டேன், எழுதவே கூசுகிறது. பிறகு என் அறைக் கதவு திறந்தது. "ஏங்க, வந்து சொல்லுங்களேன்."

போய் அவள் மைக்கிலேயே சொன்னேன். "அந்த ஒரு அடி முடியற வரைக்கும் மத்ததை எல்லாம் நிறுத்தியே வெச்சிருக்கும்."

கேட்டவர் அவளுக்கு நன்றி சொன்னார். மேனேஜரும் அவளைத்தான் பாராட்டினார். மைக்கை அணைத்துவிட்டு அவள், "நீங்க இல்லேன்னா மாட்டியிருப்பேன்" என்றாள்.

பொறாமை போகவில்லை. ஆனால் மறைத்து மறைத்து அலுத்துவிட்டிருந்தது. "டிபக்கரை எப்படி ஓட்டறதுனு எனக்குக் காட்டேன்" என்றேன்.

"விளையாடறீங்களா? உள்ள இருக்கிறதெல்லாம் படிச்சீங்களே?"

"படிச்சேன். ஓட்டத் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள். அவள் விரல் போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. மெதுவாகப் போகச் சொல்லவும் ரோஷம். அவள் மூன்றாவது தடவை செய்து காட்டியபோதுதான், "கொஞ்சம் மெதுவா" என்று கேட்க வாய் வந்தது.