கடைசி ஆட்டத்தின்போது வந்த அழைப்பு

நாங்கள் ஜெயித்த அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம். எண்பதுகளில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், எங்கள் ஸ்குவாஷ் கிளப்பின் லீக் இறுதிப் போட்டியை நடத்தியவனும் அணித் தலைவனும் நான்தான். இரண்டுக்கு இரண்டு என்றிருந்தபோது, கடைசி ஆட்டத்தை யாழ்ப்பாணத்துச் சிவா ஆடிக்கொண்டிருந்தான். கவுண்டரில் போன் அடித்தது. ஊரிலிருந்து அவன் அம்மா.

“பிள்ளையோட ஒருக்காக் கதைக்க வேணும் தம்பி.”

“மேட்ச் முடியட்டும்மா. பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க.”

எங்கள் மதுரை வீட்டுக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கோப்பையோடு வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் லைன் கிடைக்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். கிளப்பைப் பூட்டும்வரை போனருகிலேயே இருந்தான். அம்மா பிறகு அழைக்கவே இல்லை.

“அண்ணை, அம்மா அழுதுகொண்டோ கதைச்சவ?”

எனக்குத் தெரியவில்லை. அவர் பேசும்போது நான் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.