ராணிக்குத் தனி இடம் வேண்டாம்

கோடிங் இன்டர்வியூவுக்கு ஆள் தயார்பண்ணும் தொழிலில் தொண்டை நமக்குப் போகும், வேலை அடுத்தவருக்குக் கிடைக்கும். சொல்லிக்கொடுத்தே சலித்துப்போன என் இனத்தவருக்கு இது புரியும்.

முதல் எழுத்து

மாட்டுங்காவில் என் வகுப்புக்குப் பார்வதியும் மேரியும் சேர்ந்து வந்தார்கள். இருவருக்கும் குர்லாவில் ஒரு கால் சென்டரில் வேலை. இனி மெஷினே போனில் பேசுமாம், அதனால் பிரிவையே மூடுகிறார்கள். கம்பெனி வைக்கும் இன்டர்வியூவில் தேறினால் சாப்ட்வேர் பக்கம் போகலாம், இல்லாவிட்டால் வீட்டுக்கு.

சொற்களை ஒரே வரியில் சுருக்கும் கணக்கைக் கொடுத்தேன். எழுதும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு முடிவுக்குறி. ஒரு சொல் இன்னொன்றின் வாலாக வந்தால் அந்தக் குறியே அதற்கும் போதும், அதைத் தனியே எழுத வேண்டாம். பட்டியலில் முத்து, ராணி, முத்துராணி என்று மூன்று பேர். முத்துராணியை எழுதினால் ராணி அதிலேயே அடக்கம். இவர்களோ ராணியைத் தொடாமல் முத்துவை அடித்துவிட்டார்கள். "ஐயோ, குறி எங்கே? முத்துவுக்கு அடுத்து ராணின்னா நிக்கறா!" என்று கத்தினேன். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த பார்வதி அசரவில்லை.

"எங்க ஆபீஸ்ல மொத நாலு எழுத்தத் தட்டுனாலே கஸ்டமர் பேரு வந்துரும்லா சார், கை அங்கதான் போவுது."

ரிட்டர்ன்

ஒவ்வொரு சொல்லையும் மற்ற எல்லாவற்றின் வாலோடும் ஒட்டிப் பார்க்கலாம். பட்டியல் நீண்டால் விடிந்துவிடும். வேறு வழி கேட்டேன், இருவரும் மறுபடி ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினார்கள். எனக்கு மண்டை காய்ந்தது. "ட்ரெயின்ல யோசிச்சுட்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மேரி வந்ததும் வராததுமாகச் சொற்களைப் பின்னாலிருந்து முன்னுக்குத் திருப்பி எழுதி, அகரவரிசையில் அடுக்கினாள். ஒரே வாலுள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. இனி அடுத்த சொல்லை மட்டும் பார்த்தால் போதும். அட, எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"வீட்டுக்கு, நெருளுக்குக் குர்லால ஏறுனா நின்னுட்டே போகணும் சார், நான் எதிர் வண்டியில, வண்டி கெளம்புற சிஎஸ்டிக்கே போயி, அதுலயே உக்காந்து ரிட்டர்ன் வருவேன், இதையும் அப்படித் திருப்பிப் பாத்தேன்."

ரிசல்ட்

இன்டர்வியூவில் இருவருக்கும் இதே கணக்குத்தான் வந்தது. பார்வதி திருப்பினாள், அடுக்கினாள், தேறினாள். மேரியும் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். இடம் ஒன்றுதான் என்று கடைசியில் சொன்னார்களாம். அந்த வழியைக் கண்டுபிடித்தவளே அவள்தானே! ஸ்வீட் டப்பாவோடு வந்த பார்வதி அதைத் திறக்கவே இல்லை.

"ரெண்டு பேரு விடையும் ஒண்ணுதானாம் சார், அதான் ஒருத்தி போதும்னுட்டாவ."

எழுத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆளை மிச்சம் பிடிக்கக் கம்பெனிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.