சேவியர் அண்ணாச்சி சிவப்பு பட்டனை அமுக்கினார்

போதும். முப்பது வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

சேவியர் அண்ணாச்சி இன்று காலை இறந்துவிட்டார். சுள்ளிக்கல்லில், மகள் வீட்டில். மகள் மேரி இந்தக் குரூப்பில் போட்ட நாலு வரியைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

அதற்குக் கீழே ஒருத்தர் கமென்ட்... "மட்டாஞ்சேரி குடோன்ல ஹாயிஸ்ட்டை ஓட்டி ஒரு ஆளோட காலை ஒடிச்சாரே, அவரா?" அதற்கு லைக் வேறு.

லைக் போட்டவர்களில் ஒருத்தரும் அன்று அங்கே இல்லை. நான் இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. மிளகும் சுக்கும் வைக்கும் குடோன், பின்பக்கம் காயல். கூரைக்கடியில் ஓர் இரும்பு உத்தரம் படகுத்துறைக்கு மேல் வரை நீண்டிருக்கும். அதில் ஓடும் ஹாயிஸ்ட் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் வள்ளத்தில் இறக்கும். அதை ஓட்டியவர் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். மலையாளிகளுக்கு சேவியரேட்டன்.

நான் இன்ஜினியரிங் முடித்த கையோடு, அங்கே மேனேஜராக இருந்த என் மாமாவின் சிபாரிசில் வந்தவன். முதல் வேலையே, வெளிநாட்டிலிருந்து வந்த ரேடியோ கன்ட்ரோலை அந்த ஹாயிஸ்ட்டில் பொருத்துவது. அதுவரை மேலிருந்து தொங்கும் ஒயரின் நுனியில் இருந்த சுவிட்சைப் பிடித்துக்கொண்டு லோடு கூடவே நடக்க வேண்டும். இனி கையில் ஒரு டப்பா போதும்.

அண்ணாச்சி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கயிறு இல்லாம மாட்ட அவுத்து விட்ட கணக்கால்லா இருக்கு தம்பி."

"மாடு உங்க பேச்சைக் கேக்கும் அண்ணாச்சி."

"எம் பொண்டாட்டியே கேக்க மாட்டா."

இரண்டு நாளில் பழகிவிட்டார். தினமும் காலையில் வெறும் கொக்கியை ஓடவிட்டு, பாதியில் சிவப்பு ஸ்டாப் பட்டனை அமுக்கி, நிற்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் லோடு. மேனுவலிலும் அப்படித்தான் இருந்தது. படித்தவன் நான், செய்தவர் அவர்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. டப்பாவையும் பூஜையில் வைத்தோம். ஒவ்வொரு பட்டனுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் இட்டது நான்தான். சிவப்பு பட்டன் பெரிசு... அதற்குத் தாராளமாகவே.

பூஜையில் வைத்ததை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. சந்தனம் பட்டன் இடுக்குகளில் இறங்கிக் காய்ந்துவிட்டது.

விஜயதசமி திங்கட்கிழமை வந்தது. ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் முதல் லோடு வள்ளத்தில் இறங்கியாக வேண்டும் என்று மாமா நின்றார்.

அண்ணாச்சி டப்பாவை வாங்கியதும் துடைக்கக் கர்ச்சீப்பை எடுத்தார். "என்ன சேவியர், சாமி சந்தனம் உங்களுக்கு ஆகாதோ?" என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான். அண்ணாச்சி கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வெறுங்கொக்கிய ஒரு தடவ ஓட்டிப் பாத்துருதேன்" என்றார் என்னிடம். மெதுவாக.

நான் வாட்ச்சைப் பார்த்தேன். "நேரமில்லை அண்ணாச்சி. லோடோடயே ஓட்டுங்க."

இதைச் சொன்னது மாமா இல்லை. நான்.

மூட்டைகள் படகுப் பக்கம் நகர்ந்தன. அண்ணாச்சி விரலை எடுத்தார், பட்டன் மேலே வரவில்லை. சிவப்பை அமுக்கினார், அது உள்ளே போகவில்லை. கடைசியில் டப்பாவின் ஓரத்தில் இருந்த சாவியைத் திருப்பி அதையே அணைத்தார். அதற்குள் லோடு, துறை விளிம்பில் நின்ற, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஹம்ஸாவை அடித்துச் சாய்த்துவிட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

யூனியன் வாசலில் வந்து நின்றது. டப்பாவைக் கழற்றிப் பார்த்தது நான். இடுக்கெல்லாம் சந்தனம், சிமென்ட் மாதிரி. சிவப்பு பட்டன் மேல் மட்டும் அது கட்டைவிரல் அகலத்துக்கு நொறுங்கியிருந்தது. அவ்வளவு பலமாக அமுக்கியிருக்கிறார்.

மாமா எட்டிப் பார்த்தார். "துடைச்சுடுடா. சந்தனத்தால ஆச்சுன்னு தெரிஞ்சா முதல்ல போறது உன் வேலை, அடுத்தது என்னோடது."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். கருவியில் கோளாறு இல்லை, ஓட்டியவர் ஸ்டாப் பட்டனை அமுக்கத் தவறிவிட்டார் என்று ரிப்போர்ட் எழுதினேன். அந்த வாரமே அண்ணாச்சியை அனுப்பிவிட்டார்கள்.

மாமா மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அவர் சாவுக்குக்கூட நான் போகவில்லை. ஆனால் பஞ்சு என் கையில்தான் இருந்தது...

ஏழெட்டு வருஷம் கழித்து எறணாகுளம் போகும் பயணிகள் போட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஓர் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். நான் களமசேரியில் ஒரு ஃபேக்டரியில் சேஃப்டி ஆபீஸர். சிரிக்க வேண்டாம்.

மழை, மீன் விலை என்று என்னவோ பேசினோம். இறங்கும் நேரத்தில் கேட்டார்.

"தம்பி, நீங்க அங்கதான நின்னிய. நான் அந்தச் சிவப்ப அமுக்குனேன்லா? எல்லாரும் இல்லங்காவ. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

"சரியா ஞாபகம் இல்லை அண்ணாச்சி" என்றேன்.

"சரி, விடுங்க" என்று தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன்.

மேரி, உங்கள் அப்பா அமுக்கினார். சாவியைத் திருப்ப வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியதும் அவருக்குத்தான். வேறு ஆளாக இருந்தால் ஹம்ஸா பிழைத்திருக்க மாட்டார்.

போய் வாருங்கள் அண்ணாச்சி.

இதன் கீழே என் பெயரை இரண்டு தடவை டைப் செய்து அழித்துவிட்டேன். என் பெண்ணும் இந்தக் குரூப்பில் இருக்கிறாள். பெயரில்லாமல் போடும் வசதி இருக்கிறது... அப்படியே போடுகிறேன்.