பத்துக் கால் கோழி

போன வாரம் மீன் கடையில் ஒரு புது மாப்பிள்ளை நண்டுக் கூடையைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். "கடிக்குமாங்க?" என்று வேறு கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணம், எங்கள் அம்மாயி. அம்மாவைப் பெற்றவர்.

எண்பதுகளின் கடைசி. பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு. என் சித்தி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர். அங்கேயே வேலை பார்த்த தூத்துக்குடிக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பையனின் அம்மாவோ, இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு நண்டு, மீன் பக்குவம் என்ன தெரியும் என்று முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் மகனோடு பெண் பார்க்க வந்தவர், பூ, பழத்தோடு ஓர் ஓலைப்பெட்டியையும் நீட்டினார். உள்ளே... உயிரோடு நண்டு!

"எம் பிள்ளைக்கு நண்டு இல்லாம சோறு எறங்காது, மதினி. உங்க வீட்டுக் கைப்பக்குவத்தப் பாத்துட்டு மத்ததப் பேசுவோம்."

புரிந்ததா? நண்டு சரியில்லை என்றால் கல்யாணம் கிடையாது. எங்கள் வீட்டிலோ கறி என்றால் கோழி, விட்டால் ஆடு. சித்தி முகத்தில் ஈயாடவில்லை.

அம்மாயி அசராமல் பெட்டியைத் திறந்தார். கொடுக்குகளின் கட்டு பஸ்ஸிலேயே அவிழ்ந்திருக்க வேண்டும். நண்டுகள் தபதபவென்று இறங்கி ஹால் முழுக்க ஓடின. நாங்கள் கட்டில் மேல் ஏறினோம். தாத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். வந்தவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

மூலையில் கொஞ்சம் பனியன் துணி கிடந்தது. பின்னல் மெஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்குமே, அந்தத் துணி. அம்மாயி அதன் ஒரு முனையில் முடிச்சுப் போட்டார். மறுமுனை வழியாக நண்டுகளை முறத்தால் தள்ளினார். கொடுக்கெல்லாம் பின்னலில் மாட்டிக்கொள்ள, ஒன்றும் அசைய முடியவில்லை.

"எங்கூரு சரக்குங்க. உள்ள போனா வெளிய வராது!"

சரி, பிடித்தாயிற்று. நண்டின் ஓட்டை எப்படிக் கழற்றுவது? அம்மாயிக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்க வெட்கமும் கிடையாது.

"ஏனுங்க, நீங்க கொஞ்சம் உரிச்சுக் குடுங்க. மசாலாவ நான் பாத்துக்கறனுங்க."

பரீட்சை வைக்க வந்தவர் புடவையைச் செருகிக்கொண்டு அருவாமனை முன்னால் உட்கார்ந்துவிட்டார்! எந்தப் பரீட்சையிலாவது இப்படி நடந்திருக்கிறதா?

"நண்டுக்கு மசாலா தெரியுமாம்மா?" என்று என் அம்மா அடுப்படியில் கிசுகிசுத்தார்.

"கோழிக்கு ரெண்டு காலு, இதுக்குப் பத்து. கூடக் கொஞ்சம் போட்டாப் போச்சு கண்ணு!"

சின்ன வெங்காயம், கொத்தமல்லி, மிளகு, தேங்காய்... அப்பட்டமான நாட்டுக்கோழிக் குழம்பு. வாசம் தெருமுனை வரை போனது.

வந்தவர் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினார். அப்புறம் சோறு கேட்டார். மறுபடியும் கேட்டார். எனக்குக் கட்டில் மேலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

"மதினி, உங்க மவளும் இப்படித்தான வைப்பா?"

அம்மாயி கூசாமல் சொன்னார்: "அவளுக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதுங்க. மெஷின்ல உக்காந்தா அவளை அடிச்சுக்க ஆளில்லை. நண்டை உங்க பையன் வெச்சுக் குடுக்கட்டுமுங்க!"

அந்த அம்மா புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். எச்சில் கையோடு மகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியால? நல்லா உரிச்சுப் பழகிக்கோ. தாம்பூலத்த மாத்துவோம்!"

சித்தப்பா அதன்பின் பழகிக்கொண்டார். சித்தியா? இன்றுவரை தட்டில் வரும் நண்டைத்தான் தொட்டிருக்கிறார்!